மூடு வரலையாம், மூடு!

வாடா பேராண்டி, வா. ஸ்ரீரங்கத்துலேருந்து முத்தரசநல்லூருக்கு வர்ற தூரம் ஒரு தூரமா? மூஞ்சியைப் பார்த்தா காசிக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்கு. திண்ணையில உக்காரு. அந்தத் தூண்ல சாயாதே, காலையிலதான் கரையானுக்கு எண்ணெய் தடவினேன். அப்பாயி மோர் கொண்டாருவா.

உங்கப்பன் போன்ல எல்லாம் சொன்னான். பையன் படம் போடுறதையே விட்டுட்டானாம். கேட்டா, "மூடு வரலை"ங்கிறானாம். எனக்கு முதல்ல புரியலைடா. மூடுன்னா எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. பூனை வருது, பால் பானையை மூடு. பெரியவங்க பேசுறாங்க, வாயை மூடு. நீ என்னடான்னா அந்த மூடு வரட்டும்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கே. வந்தா என்ன ஆகும்? பேர்லயே சொல்லுதேடா, மூடிடும்!

போன மாசம் உன் ரூமுக்கு வந்தேனே, அம்மாமண்டபம் ரோட்டுல மூணாவது மாடி. நீ குளிக்கப் போன நேரத்துல எல்லாத்தையும் ஒரு சுத்து பார்த்தேன். மெயின்கார்டு கேட் பக்கம் போயி வாங்கின கலர் டியூப்பு நாப்பத்தெட்டு. பிரஷ்ஷு மட்டும் பதினேழு. எண்ணினேன், எனக்கு வேற என்ன வேலை? நம்ம ஊர் அய்யனாருக்கு வர்ணம் அடிச்சவன்கிட்ட மொத்தமே நாலு பிரஷ்ஷுதான், அதுலயும் ஒண்ணு பல்லு விளக்குறது. படம் வைக்கிற ஸ்டாண்டுல உன் துண்டு காயுது. நோட்டைத் தொறந்தேன். முதல் பக்கத்துல உன் பேரு, நிழலெல்லாம் போட்டு ஜோரா எழுதியிருக்கே. அடுத்த பக்கத்துலேருந்து பிள்ளையார் சுழி கூட இல்லை.

சாயங்காலமானா காவிரிப் பாலத்துல நின்னு தண்ணியையே பார்க்குறியாமே? எதுக்கு, அதுலேருந்து படம் மிதந்து வருமா? அந்தப் பாலத்துல நிக்கிற கூட்டத்துல வேலை செய்யுறவன் ஒரே ஒருத்தன்தான், கடலை விக்கிறவன். அலை எப்போ ஓயுறது, தலை எப்போ முழுகுறதுன்னு கடலுக்குத்தான் சொல்லுவாங்க. நீ ஆத்தங்கரையிலயே அலை ஓயக் காத்திருக்கிறவன்.

"ஊரு ராசி தாத்தா, பெருமாளே படுத்திருக்கிற ஊரு"ன்னு அன்னைக்கு ஒரு போடு போட்டியே, நான் மறக்கலை. படுத்திருக்கிறது அவர் ஒருத்தர்தான்டா. அவரைச் சுத்தி வேற யாராச்சும் படுத்திருக்காங்களா, பாரு. விடியக்காலம் விஸ்வரூப சேவைக்கு யானை வந்து நிக்குது, பசு வந்து நிக்குது. யானைக்கு இன்னைக்கு மனசு எப்படி இருக்குன்னு யாரும் விசாரிக்கிறதில்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரு அங்கே நந்தவனம் போட்டு, பெருமாளுக்கு மாலை கட்டிக் கொடுத்தவரு. பெருமாளையே எழுப்புறதுக்குத் திருப்பள்ளியெழுச்சியும் பாடினவரு. எழுப்புறவன் முன்னாடியே எந்திரிச்சாகணுமில்ல? பெருமாளு படுத்துக்கலாம்டா. பூக்கட்டுறவன் படுக்க முடியாது. நீ எந்தப் பக்கம்னு நீயே முடிவு பண்ணிக்க.

அதுக்காக, சோம்பலுக்கு நீதான் முதல் ஆளுன்னு பெருமைப்பட்டுக்காதே. உனக்கு முன்னாடி கம்பரே இருக்காரு. சரித்திரமான்னு என்னைக் கேட்காதே, எங்க காலத்துல கதை சொல்ல வந்தவங்க சொன்னது. சோழ ராஜா ஒட்டக்கூத்தரையும் கம்பரையும் கூப்பிட்டு ராமாயணம் பாடச் சொன்னாராம். கூத்தர் ஒழுங்கான மனுஷன். தினம் உக்காந்து எழுதி, அஞ்சு காண்டத்தை முடிச்சுக் கடற்கரைக்கு வந்துட்டாரு. கம்பர் ஏட்டைத் தொடவே இல்லை. ஒருநாள் சபையில ராஜா கேட்டாரு, "எது வரைக்கும் ஆச்சு?" கூத்தர், "கடல் வரைக்கும்"னாரு. கம்பர் என்ன சொன்னாரு? மூடு வரலை மகாராஜான்னா? "கடல்ல அணை கட்டிக்கிட்டிருக்கேன்"னுட்டாரு! எழுதினவனைத் தாண்டி எழுதாதவன் ஒரு படி முன்னாடி போயிட்டான்.

"எங்கே, அதுல ஒண்ணு சொல்லும் பார்ப்போம்"னாரு ராஜா. கம்பர் அசரலை. வானரம் மலையைத் தூக்கிக் கடல்ல போட, தண்ணி வானம் வரைக்கும் தெறிச்சதுன்னு நின்ன இடத்துலயே ஒரு பாட்டை எடுத்து விட்டாரு. அதுல தண்ணித் துளிக்குத் 'துமி'ன்னு ஒரு சொல்லைப் போட்டாரு. கூத்தர் விடுவாரா? "துமியா? எந்த ஊர்ல அப்படிப் பேசுறாங்க?"ன்னு பிடிச்சுக்கிட்டாரு. மூணு பேருமா இடையர் தெருவுக்குப் போனாங்களாம். ஒரு வீட்டுல ஒரு பொம்பளை மோர் கடைஞ்சுக்கிட்டே, சுத்தி நின்ன பிள்ளைங்களைப் பார்த்து, "தள்ளிப் போங்க, துமி தெறிக்கும்"னாளாம். வந்தது சரஸ்வதிதான்ங்கிறது கதை. அதுக்கப்புறம் வீட்டுக்கு ஓடின கம்பர் ராப்பகலா உக்காந்துதான் எழுதினாராம். மொத்தம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல. அதை அரங்கேத்தின இடம்னு தாயார் சன்னிதிக்கு எதிர்ல கம்பர் மண்டபத்தைக் காட்டுறாங்க. நீ செருப்பை எங்கே விடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே தாண்டிப் போயிருப்பே.

இந்தக் கதையில மூணு சங்கதி இருக்கு, மோர் வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். ஒண்ணு, தொடாத வேலையைத் தொட்டதா நாலு பேர் முன்னாடி பொய் சொல்லிட்டாரு. அந்தப் பொய்யோட மானத்தைக் காப்பாத்தவே வேலை செய்ய வேண்டியதாப் போச்சு. ரெண்டு, அவர் முதல் பாட்டுலேருந்து ஆரம்பிக்கலை. பாலகாண்டம் எங்கே, பாலம் கட்டுற காண்டம் எங்கே? ஆறாவது காண்டத்துல, நடுக்கடல்ல, குரங்கு கையில மலையோட ஆரம்பிச்சாரு. நீ வெள்ளைத்தாளை முறைச்சுப் பார்த்துக்கிட்டு எங்கே தொடங்குறதுன்னு தவிக்கிறே. காதுலேருந்து தொடங்கேன், யாரு கேட்கப் போறா? மூணாவதுதான் முக்கியம். சரஸ்வதி எப்போ வந்தா? பாட்டைப் பாடினதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி வந்து, "எழுதலியா கம்பா?"ன்னு அவ கதவைத் தட்டலை.

"அது கம்பர் கதை, எனக்கு ஒத்து வருமா?"ன்னு முழிக்கிறே. சரி, என் கதையைக் கேளு.

இந்த வாழைக்கொல்லையைக் கட்டிக்கிட்டு அழுறதுக்கு முன்னாடி நான் ஸ்பெஷல் நாடகத்துல பபூன். ஸ்பெஷல் நாடகம்னா ஒத்திகை கிடையாது. ராஜபார்ட்டு ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டு ஒரு ஊரு, ஆர்மோனியம் ஒரு ஊரு. எல்லாரும் தேதிக்கு வந்து மேடையிலதான் சந்திச்சுக்குவோம். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை. அவரு 1922-ல போய்ச் சேர்ந்துட்டாரு, பாதை இன்னும் நிக்குது. வள்ளி திருமணம்னா ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய ஓடும். அதுல முதல்ல மேடைக்கு வர்றது யாருங்கிறே? முருகனுமில்லை, வள்ளியுமில்லை. பபூன். ஜனம் அப்போதான் பாயை விரிச்சுக்கிட்டிருக்கும். பிள்ளை அழும். சுண்டல்காரன் கத்துவான். அந்த நேரத்துல போயி சிரிக்க வைக்கணும்.

1974-ன்னு நினைக்கிறேன். மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம். அன்னைக்குன்னு பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல்லுல வலி. கன்னம் உரிச்ச தேங்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. மேடைக்குப் பின்னாடி சாக்குப் படுதாவுல உடைஞ்ச கண்ணாடித் துண்டு ஒண்ணைச் சொருகி வெச்சு, முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுப் பூசுறேன். பூசப் பூசக் கண்ணுலேருந்து தண்ணி ஊத்தி, வெள்ளையைக் கோடு கோடா அறுக்குது. அப்படியே கொல்லைப் பக்கமா நழுவி ஊரு போயிடலாம்னு காலைக் கூட எடுத்து வெச்சுட்டேன். ஆனா முன்பணம் வாங்கியாச்சே! வெத்தலை பாக்குல வெச்சு அஞ்சு ரூபாய் கொடுத்திருந்தாங்க. அதை வாங்கின அன்னைக்கே செலவழிச்சும் ஆச்சு.

ஆர்மோனியக்காரர் சுதியைப் பிடிச்சுட்டாரு. ஏறினேன். முதல் ஜோக்கு செத்துப் போச்சு. ரெண்டாவது அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கிச்சு. மூணாவதுக்கு வாயைத் தொறந்தேன், வலி சுரீர்னு மண்டைக்கு ஏறுச்சு. "ஆத்தாடி"ன்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு குதி குதிச்சேன். முன்னாடி உக்காந்திருந்த பொடியன் ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். ஆர்மோனியக்காரர் கில்லாடி, நான் குதிச்ச குதிக்கு 'கீ'ன்னு ஒரு கட்டையை அழுத்தினாரு. நான் மறுபடியும் குதிச்சேன். அவரு மறுபடியும் அழுத்தினாரு. அவ்வளவுதான், அன்னைக்கு விடியுற வரைக்கும் என் பல்வலிதான் நாடகம். நாரதர் வந்து வள்ளிகிட்ட மூச்சு விடாம பேசிக்கிட்டிருக்காரு, கூட்டம், "பல்லு எங்கேய்யா?"ன்னு கேட்குது.

படுதாவுக்குப் பின்னாடி எனக்கு மூடு இருந்துச்சா? வெங்காயம்! மேடை ஏறி மூணாவது குதியிலதான் வந்துச்சு. மூடுங்கிறது சம்பந்தி வீட்டு ஆளு மாதிரிடா. வா வான்னு வருந்தி அழைச்சா பிகு பண்ணுவான். குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்குப் போயிட்டா, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்"னு தானா வந்து இலை முன்னாடி உக்காந்துக்குவான். அதனால முதல்ல அடுப்பை மூட்டு. உனக்கு மூடு வேண்டாம்டா, மூட்டு!

இந்தா, மோர் வந்துடுச்சு. குடி. வர்றப்போ வாசல்ல இருந்த கோலத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் வந்தே, தெரியுமா? அப்பாயி ஒண்ணும் சொல்லலை. எறும்பு பாதி தின்னும், பால்காரன் டயரு மீதியைத் தின்னும்னு தெரிஞ்சேதான் அவ போடுறா. உன் படத்தை ஒருத்தன் அப்படி மிதிச்சிருந்தா நீ வருஷாப்திகமே கும்பிட்டிருப்பே.

மார்கழி மாசம் அவ போடுறதைப் பார்க்கணும். இருபத்தொரு புள்ளி, ஊடுபுள்ளி, நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவு நூல் மாதிரி இறங்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச அழகு. எனக்கு மட்டும் தெரிஞ்சதைச் சொல்றேன். அவளுக்கும் முடியாத நாளு உண்டு. காய்ச்சல், முழங்கால் வலி, என் மேல கோபம். மூணாவதுதான் ஜாஸ்தி. அந்த மாதிரி நாள்ல என்ன செய்வா தெரியுமா? நாலே நாலு புள்ளி. அதைச் சுத்தி ஒரு இழை. அரை நிமிஷம். நான் அதுக்குக் 'காய்ச்சல் கோலம்'னு பேரு வெச்சிருக்கேன். கோணல்மாணலாத்தான் இருக்கும். அதனால என்ன? இந்த வாசல் வெறுமனே கிடந்ததில்லை. கோலம் இல்லாத வாசலைப் பார்த்தா ஊர்ல என்ன நினைப்பாங்கன்னு உனக்கே தெரியும், அது துக்க வீட்டு அடையாளம். உன் நோட்டைத் தொறந்து பார்த்தப்போ எனக்கு அந்த வாசல் ஞாபகம்தான் வந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன், வந்துடுச்சு.

உனக்கு மார்கழிக் கோலம் மட்டும்தான் கண்ணுல நிக்குது. காய்ச்சல் கோலம் ஒண்ணு கத்துக்க. டீ கிளாஸ் ஒண்ணு. அறுந்த செருப்பு ஒண்ணு. சத்திரம் பஸ்ஸுல வாயைப் பொளந்து தூங்குறவன் மூக்கு ஒண்ணு. அரை நிமிஷம் போதும்.

"தொட்டது ஏழெட்டுப் படம் தாத்தா, எல்லாம் பாதியில நிக்குது"ங்கிறே. பெரிய அதிசயம்! நீ குடியிருக்கிற ஊர்ல ராஜகோபுரமே நிக்கலையா? நான் டிரவுசர் போட்ட காலத்துல அதுக்குப் பேரு மொட்டைக் கோபுரம். அச்சுதராயர் காலத்துல தொடங்கினதுங்கிறாங்க. கல்லுவேலை முடிஞ்ச உயரத்தோட அப்படியே நின்னு போச்சு, நானூறு வருஷத்துக்கு மேல. ஊரே அதுக்குக் கீழ போச்சு, வந்துச்சு, மாடு கட்டுச்சு, கடை போட்டுச்சு. அப்புறம் 1979-ல அகோபில மடத்து 44-வது ஜீயர் கையில எடுத்தாரு. அப்போ அவருக்கு வயசு எண்பதைத் தாண்டியாச்சு. நிலை நிலையாக் கொடையாளருங்களைத் தேடினாங்க. இளையராஜா ஒரு நிலையை ஏத்துக்கிட்டாரு. ஒண்ணு மேல ஒண்ணா 13 நிலை, 236 அடி. 1987 மார்ச் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம். நானும் உங்கப்பனைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கூட்டத்துல நின்னேன், கோபுரத்தை அவன் பார்த்தான், நான் அவன் காலைப் பார்த்தேன்.

ஆக, பாதியில நிக்கிறது குத்தமில்லை. ஆனா ஒரு வித்தியாசம் இருக்குடா. கோபுரத்துக்கு நானூறு வருஷம் காத்திருக்க நேரம் இருந்துச்சு. உனக்கு அவ்வளவு ஆயுசுன்னு உன் ஜாதகத்துல நான் பார்க்கலை.

இன்னொண்ணு. ஸ்ரீரங்கத்துத் தெருவுல நின்னு ரங்கராஜான்னு கூப்பிட்டா பாதிப் பேரு திரும்பிப் பார்ப்பான். அதுல ரெண்டு பேரு பெரிய ஆளா ஆனாங்க. ஒருத்தர் எழுத்தாளர் சுஜாதா. பகல்ல பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயர், ஓட்டுப் போடுற மிஷின் செஞ்சதுல அவருக்கும் பங்கு உண்டு. அந்த வேலையோடயே பத்திரிகைகளுக்குத் தொடர்கதையும் எழுதினாரு. அச்சு மிஷின் மூடு கேட்காது, வியாழக்கிழமையாச்சுன்னா தாள் கேட்கும்.

இன்னொருத்தர் கவிஞர் வாலி. அவருக்கு முதல் ஆசை உன்னை மாதிரிப் படம் போடுறதுதான். விகடன்ல படம் போட்ட மாலி மாதிரி வரணும்னுதான் சிநேகிதன் வாலின்னு பேரு வெச்சான். சென்னைக்குப் போயி பாட்டெழுத வாய்ப்புத் தேடித் தேடி அலுத்து, இது நமக்கு ஆகாதுன்னு மதுரைக்கு வேலைக்குக் கிளம்பிட்டாரு. அந்த நேரத்துல பி.பி.ஸ்ரீநிவாஸ், தான் பாடிட்டு வந்த புதுப்பாட்டைப் பாடிக் காட்டினாரு. கண்ணதாசன் எழுதின 'மயக்கமா கலக்கமா', 1962-ல வந்த சுமைதாங்கி படத்துக்கு. கேட்டவரு மூட்டையை அவிழ்த்துப் போட்டாரு. மிச்சம் உனக்கே தெரியும். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, கண்ணதாசன் வாலிக்காக எழுதலை. படத்துக்கு எழுதினாரு, கூலி வாங்கினாரு. அன்னைக்கு அவருக்கு மூடு இல்லாம போயிருந்தா? ஒருத்தன் தன் வேலையைச் செஞ்சு வெச்சது இன்னொருத்தனைக் கரையேத்துது. நீ செய்யாம விட்ட படம் யாருக்குப் போய்ச் சேர வேண்டியதோ, யாரு கண்டா?

அந்தப் போனையும் கொஞ்சம் கீழ வை. படம் போடுறது எப்படின்னு அடுத்தவன் போடுறதை மணிக்கணக்காப் பார்க்குறியாம். வாழைக்குப் பக்கக்கன்னு ஒண்ணு ரெண்டு விடலாம். எட்டு விட்டா தாய்மரம் தார் போடாது, இலை அறுத்துப் பந்திக்குத்தான் போடணும். அருவாளை எடுத்துச் சீவி விடு.

நிஜமாவே மனசு காஞ்சு போற காலமும் உண்டுடா, அதை நான் கேலி பண்ண மாட்டேன். ஜூன் 12-ல மேட்டூரைத் தொறக்கணும்ங்கிறது வழக்கம். தொறந்த வருஷமும் உண்டு, தொறக்காத வருஷமும் உண்டு. தொறக்கலைன்னா வாய்க்கால்ல தண்ணி இருக்காது. அப்போ நாங்க என்ன செய்வோம்? மம்முட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயி தூர் வாருவோம். தண்ணி வரவழைக்கிறது நம்ம கையில இல்லை. ஆனா வர்ற அன்னைக்கு எவன் வாய்க்கால் சுத்தமா இருக்கோ, அவன் கொல்லைக்குத்தான் பாயும். பென்சிலைச் சீவி வை. பிரஷ்ஷைக் கழுவி வை. நாலு கோடு இழுத்துப் பழகு. தூர் வாருறது அதுதான்.

சரி, பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணியே வத்திப் போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு, எந்திரி. அப்பாயி, அந்த வெத்தலைத் தட்டைக் கொண்டா. கையை நீட்டுடா. ரெண்டு கையையும் சேர்த்து நீட்டு. இந்தா, வெத்தலை, பாக்கு, அம்பது ரூபாய். முன்பணம். நாடகக்காரனுக்குக் கொடுக்குற மாதிரியேதான் கொடுத்திருக்கேன். என்ன படம்? உன் தாத்தன் பபூன் வேஷத்துல, கன்னம் வீங்கி, ஒத்தைக் காலைத் தூக்கிக் குதிக்கிறான். அதான் படம். காதுலேருந்து தொடங்கினாலும் சரி, காலுலேருந்து தொடங்கினாலும் சரி. தேதி, வர்ற ஞாயித்துக்கிழமை. நல்லா இல்லைன்னாலும் கொண்டாந்து காட்டு. ரொம்ப நல்லா இருந்தாத்தான் எவன்கிட்டக் காசு கொடுத்து வாங்கினேன்னு எனக்குச் சந்தேகம் வரும். மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடு, அப்பாயி பார்ப்பா.

முன்பணம் வாங்கிட்டு ஆடாம போனவன் நம்ம வம்சத்துல இல்லைடா. பார்த்துக்க.